பிரதீஸ் வரும்வரை

கழுத்துப்பட்டியின் முடிச்சு லேசில் அவிழவில்லை. உடலைக் கழுவி உடுப்பாட்டிய மலர்ச்சாலைக்காரர்கள் அதை இறுக்கி முடிந்துவிட்டிருந்தார்கள். மங்கையற்கரசி பெட்டிக்குள் குனிந்து, நகத்தால் முடிச்சை நெகிழ்த்திக்கொண்டிருந்தாள்.

"விடு அக்கா. அது வடிவாத்தானே இரிக்கு. லோயர் லோயராகவே போகட்டும்" என்றாள் தங்கை தவமணி.

"லோயர் வேலையெல்லாம் டவுனோட. கல்லடிப் பாலம் தாண்டினா இந்த மனிசன் இதக் கழுத்தில வெச்சிரிக்க மாட்டார். மூச்சு முட்டும் எண்டுவார்."

மூச்சு முட்டும் நிலையைத் தங்கராசா நேற்றுக் காலையே கடந்துவிட்டார் என்பதைச் சொல்லத் தவமணிக்கு மனம் வரவில்லை. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், நாவற்குடாச் சந்திக்கு வருமுன்பே எல்லாம் முடிந்திருந்தது. இப்போது ஆரையம்பதி வீட்டுக் கூடத்தில், வெள்ளைத் துணி கட்டிய கூரைக்குக் கீழே, வழக்கை நாளைக்குத் தள்ளிப்போட்டவர் போன்ற முகத்தோடு அவர் கிடந்தார்.

முடிச்சு ஒருவழியாக நெகிழ்ந்த நேரத்தில் ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ திரும்பியது.

"ஆரையம்பதியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசுமான தங்கராசா அவர்கள் நேற்றுக் காலமானார். அன்னார் மங்கையற்கரசியின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற பிரதீஸின் பாசமிகு தந்தையும்…"

அவள் கை கழுத்துப்பட்டியிலேயே நின்றது. ஆட்டோ ஊர்ந்து வந்து, வாசலில் கட்டியிருந்த தென்னோலைத் தோரணத்தைக் கடந்து, அதையே இன்னொரு தடவை சொன்னது. காலஞ்சென்ற பிரதீஸ். இத்தனை காலமாக அந்த இரண்டு சொற்களும் அவள் காதில் சேர்ந்து விழுந்ததில்லை. ஊர் அவளுக்குப் பின்னால் சேர்த்துச் சொல்லியிருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அவள் வீட்டு வாசலில், அவள் புருஷனின் சாவை ஏற்றிவந்த வண்டியே அதைச் சொல்லும் என்று அவள் நினைக்கவில்லை.

பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தாள். பந்தலுக்குள் இருந்த ஆண்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள்.

"அந்த ஆட்டோவ நிப்பாட்டுங்க."

தங்கராசாவின் தம்பி பேரின்பம் ஓடிவந்தார். ஓய்வுபெற்ற அதிபர். கல்யாண வீடானாலும் சாவீடானாலும் எழுத்து வேலை என்றால் ஊரில் அவரைத்தான் தேடுவார்கள்.

"என்ன மச்சாள்? உள்ளுக்குப் போங்க, ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். அந்தச் சொல்ல ஆர் எழுதின?"

அவர் எந்தச் சொல் என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சதுதானே மச்சாள்…"

"எனக்கு வாசிச்சுக் காட்டினீங்களா? உங்கட அண்ணன் ஒரு கடுதாசியெண்டாலும் சம்பந்தப்பட்ட ஆளுக்கு வாயால வாசிச்சுக் காட்டாமக் கையெழுத்து வாங்கினவரா? அவர்ர சாவுக் கடுதாசி மட்டும் எனக்குத் தெரியாம ஊரச் சுத்துது. அந்தச் சொல்ல எடுக்காம இஞ்ச ஒருத்தரும் பெட்டியில கைவெக்கப்படாது."

அவள் உள்ளே போய்ப் பெட்டியின் தலைமாட்டில் இருந்துகொண்டு அதன் விளிம்பைப் பிடித்தாள்.

அவள் சொன்னது மெய்தான். நொத்தாரிசு தான் எழுதும் உறுதிப் பத்திரத்தை வாசித்துக் காட்ட வேண்டுமென்பது சட்டம். மற்றவர்கள் அதைக் குருக்கள் மந்திரம் சொல்லும் வேகத்தில் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டுவார்கள். தங்கராசா அப்படியில்லை. டவுனில் நீதிமன்றத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த அவருடைய கந்தோரில், அரிசி மில்காரரும் புடவைக்கடைக்காரரும் வாழைச்சேனை ஐஸ் தொழிற்சாலைக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கைகட்டி இருந்து, தாங்கள் என்னத்துக்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதை முழுதாகக் கேட்டாக வேண்டும். அவசரப்பட்டால், "யாவாரத்துக்கு அவசரம் இரிக்கலாம், எழுத்துக்கு இல்ல" என்று முதலிலிருந்து தொடங்குவார். கொலை வழக்கு, அடிதடி என்று போய்ப் பேரெடுக்கும் ஆசை அவருக்கு இருக்கவில்லை. அவர் யாவாரிமாரின் லோயர். கூட்டுச் சேர்த்துவைப்பது, பிரிகிறவர்களை வெட்டுக்குத்தில்லாமல் பிரித்துவைப்பது, இவைதான் அவர் தொழில். தமிழனும் முஸ்லிமும் ஒரே பேருந்தில் ஏறப் பயந்த காலத்திலும் இரண்டு பகுதியாரும் அவருடைய கந்தோர் மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

பிரதீஸும் அதே தொழிலுக்குத்தான் படித்தான். கொழும்பில் சட்டக்கல்லூரி. மார்கழி விடுமுறைக்கு வந்தவன், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை தோய்ந்துவிட்டு, நாவலடியில் இருக்கும் கூட்டாளியைப் பார்க்கப் புறப்பட்டான். துவாயோடு அவள் படலைவரை ஓடினாள்.

"தலையத் துவட்டிட்டுப் போ மனே. சளி பிடிக்கும்."

"காத்தில காஞ்சிரும் அம்மா. மத்தியானச் சோத்துக்கு வந்திருவன்."

மோட்டார் சைக்கிளின் பின்னால் தண்ணீர் துளிகள் தெறித்ததைக்கூட அவள் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. நாவலடியில் வீடு இருந்த இடமும் தெரியவில்லை, ஒழுங்கை இருந்த இடமும் தெரியவில்லை. கூட்டாளி மூன்றாம் நாள் கிடைத்தான். மோட்டார் சைக்கிள் ஒரு தென்னையின் அடியில் மடங்கிக் கிடைத்தது. பிரதீஸ் கிடைக்கவில்லை.

தங்கராசா தேடாத இடமில்லை. தேடி முடிந்ததும் மேசையைத் தூக்கிக்கொண்டு முகாம்களுக்குப் போனார். கடையிழந்தவனுக்குக் காப்புறுதிக் கடிதம், படகிழந்தவனுக்கு விண்ணப்பம், பிள்ளையை இழந்தவர்களுக்கு மரணப் பதிவுக்கான சத்தியக்கடதாசி. உடல் கிடைக்காதவர்களையும் பதியலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்த பிறகு நாள் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளை அவர் எழுதினார். ஒவ்வொன்றையும் தாய்க்காரிக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது அவர் கலங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை என்று தவமணி சொல்வாள். மங்கையற்கரசி பார்த்தாள். அவர் வீட்டுக்கு வந்து, கைகழுவி, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சாப்பிடாமல் இருப்பார்.

ஒருநாள் மட்டும் கேட்டார்.

"நம்மட பிள்ளையப் பதிவமா?"

"வேணாம்."

"சரி. நீ சொல்லுற வரைக்கும் நான் எழுத மாட்டன்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பிள்ளை இல்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஒரே பாயில் கிடக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் போகாது. ஆனாலும் இந்த வைகாசியில் யுத்தம் முடிந்து, டவுனில் பட்டாசு வெடித்து, வன்னி முகாம்களில் யாராரோ உயிரோடு இருப்பதாகக் கதைகள் வந்தபோது, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் தங்கராசா வீட்டு விறாந்தையில் மனுக்கள் எழுதக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, முகாம் ஆசுபத்திரியில் பேர் சொல்லத் தெரியாத ஒரு பொடியன் கிடக்கிறான், மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை போல என்றாள். கடல் கொண்டுபோன பிள்ளை காட்டுக்குள் எப்படி வரும் என்று கேட்க ஆளில்லாமலில்லை. தங்கராசா கேட்கவில்லை. பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனார். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்று, ஆளை மாற்றி ஆளைப் பிடித்து, விசாரித்துவிட்டு வந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு வேற தாய் இரிக்கா. நேத்து வந்து அடையாளம் கண்டிட்டா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அன்றிலிருந்துதான் நெஞ்சில் ஏதோ அடைக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தாத் தன் பிள்ளை தானே வளருமெண்டு சொல்லுவாங்க, எத்தினை பேருக்கு வழிகாட்டின மனிசன்" என்று மூக்கைச் சிந்தினாள். மங்கையற்கரசிக்கு அந்தப் பழமொழியின்மேல் ஆத்திரம் வந்தது. அதைச் சொல்லிவைத்தவனுக்குக் கடல் தெரிந்திருக்காது.

பேரின்பம் மறுபடி வந்து பெட்டியின் மற்றப் பக்கத்தில் நின்றார். கிரியை செய்யும் ஐயாவும் பின்னால் வந்திருந்தார். முற்றத்தில் பறைமேளக்காரர்கள் மேளத்தை இறக்கிவைத்துவிட்டுப் பீடி பற்றவைத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குமுன் அடக்கம் முடிய வேண்டும்.

"மச்சாள், நான் வேணுமெண்டு எழுதல்ல. நீங்களே யோசிங்க. கடைசிக் கடமை ஆர் செய்யிற? நம்மட உதயன்தான் குடம் தூக்க வேணும். மகன் இல்லாத இடத்திலதான் தம்பிர மகன் தூக்கலாம். பிரதீஸ் இரிக்கானெண்டு சொன்னா, அவன் தூக்க வேண்டிய குடத்த இவன் எந்த முறையில தூக்குற? நாளைக்கு ஊர் கேக்காதா? ஐயா கேக்க மாட்டாரா?"

ஐயா கேட்பேன் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"அண்ணனுக்கும் உள்ளுக்குள்ள தெரியும் மச்சாள்."

"தெரியும். எனக்கும் தெரியும் அவருக்குத் தெரியுமெண்டு. ஆனா எழுதல்லயே?" என்றாள் அவள். "எத்தினை பேர எழுதின கை. இத எழுதல்ல. எனக்காக எழுதல்ல. அவர் மூச்சு நிண்ட கையோட நீங்க எழுதிட்டீங்க."

பேரின்பத்துக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய அதிபர், பிரம்பைக் காட்டியே பள்ளிக்கூடத்தை அடக்கியவர், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய மகன் உதயரூபன் கதவடியில் நின்று பெரியம்மாவையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். வங்கியில் வேலை பார்க்கும் வளர்ந்த பிள்ளை. பிரதீஸும் அவனும் ஒரே வகுப்பு. அவனைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், பிரதீஸுக்கு இப்போது இவ்வளவு உயரம் இருக்கும், இப்படி நெற்றி ஏறியிருக்கும் என்று அவள் கணக்குப் பார்ப்பாள். அதனாலேயே அவன் இந்த வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் உசனார் வந்தார். காத்தான்குடி எல்லையில் இருக்கும் அரிசி மில்லின் சொந்தக்காரர். ஓட்டமாவடியில் மகள் வீட்டில் இருந்தவருக்கு சாவு விசளம் போய்ச்சேரத் தாமதமாகிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, நீண்ட நேரம் தங்கராசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த மங்கையற்கரசியைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி? என்ன நடந்த?"

உதயரூபன்தான் மெதுவாகச் சொன்னான். உசனார் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"நான் ஒண்டு செல்லட்டா தங்கச்சி? ஒங்கட குடும்ப விசயம். நான் செல்லக் கூடாதெண்டாச் செல்லல்ல."

"சொல்லுங்க."

"என்ட மில்லு வேலாப்போடியாரும் நானும் சேந்து போட்டது. ஒங்களுக்குத் தெரியும். அந்தக் கொழப்ப நேரம் போடியார ஆரோ கொண்டு போனாங்க. ஆளும் வரல்ல, மய்யித்தும் வரல்ல. என்ட ஆக்கள் செல்லிச்சி, அவர்ர பேர வெட்டு எண்டு. அவர்ர ஆக்கள் செல்லிச்சி, ஆள் முடிஞ்செண்டு எழுதிப் பங்கப் பிரி எண்டு. போடியார்ர பெண்சாதி மட்டும் தாலியக் கழட்ட மாட்டன் எண்டு நிண்டா. நான் லோயர்ட்டப் போனன். அவர் உடனே எழுதல்ல. பேனைய மூடி வெச்சிட்டு, நாளைக்கு வா எண்டார். நாளைக்குப் போனா, இன்னொரு நாளைக்கு வா எண்டார். மறுகா எழுதி வாசிச்சிக் காட்டினார்." உசனார் கண்ணை மூடிக்கொண்டார். "'வேலாப்போடி வரும்வரை, அவருக்காக, அவருடைய மைத்துனர்.' அவ்வளவுதான். இண்டைக்கும் மில்லுக் கதிரையில மச்சினன்தான் குந்திரிக்கான். போடியார மவுத்தெண்டு ஒருத்தரும் எழுதல்ல. மில்லும் நிக்கல்ல."

உசனார் கண்ணைத் திறந்தார்.

"நான் கேட்டன், போடியார் வருவாரெண்டு நம்பியா லோயர் எழுதின எண்டு. அவர் சிரிச்சார். 'வருவாரா வரமாட்டாரா எண்டது நம்மட வேலையில்ல உசனார். வேலை நடக்கவும் வேணும், அந்தப் பொம்பிள காத்திரிக்கவும் வேணும். ரெண்டுக்கும் இடம் விட்டு எழுதினாச் சரி' எண்டார்."

மங்கையற்கரசி அவரைப் பார்த்தாள். பிறகு கதவடியில் நின்ற உதயரூபனைப் பார்த்தாள்.

"மனே, நீ சம்மதிப்பியா? உன்ர பேரில இல்ல. அவன்ர பேரில."

"ஓம் பெரியம்மா" என்றான் அவன். 

ஐயா தொண்டையைச் செருமினார். "சாத்திரத்தில இப்படியொரு முறை இல்லயே…"

பேரின்பம் முகத்திலிருந்து சால்வையை எடுத்தார். "ஐயா, கோயில் கடைக் குத்தகையில அண்ணன் எழுதித் தந்ததெல்லாம் சாத்திரத்தில இரிந்ததா? நீங்களும் கையெழுத்து வெச்சீங்கதானே?"

பந்தலுக்குள் யாரோ சாவீடு என்பதை மறந்து சிரித்தார்கள். ஐயாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தர்ப்பையை எடுக்கப் போனார்.

பேரின்பம் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, ஆட்டோக்காரனிடமிருந்து வாங்கிய தாளில் ஒரு சொல்லை வெட்டினார். வெட்டிய கையோடு அனுப்பிவிடவில்லை. பெட்டியின் கால்மாட்டில் நேராக நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். தமையனைப் போலவே நிறுத்தி, அவசரமில்லாமல் வாசித்தார். "…மங்கையற்கரசியின் அன்புக் கணவரும், பிரதீஸின் பாசமிகு தந்தையும்…" கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்த மங்கையற்கரசி, வாசித்து முடிந்ததும் தலையை ஆட்டினாள்.

"சரி. அனுப்புங்க."

முற்றத்தில் கிரியை தொடங்கியது. "கருமம் செய்யிறவர்ர பேர்?" என்று ஐயா கேட்டார். உதயரூபன் ஈரவேட்டியோடு கிழக்குப் பார்த்து இருந்தான். மீசையை மழித்திருந்ததில் முகம் சின்னதாகத் தெரிந்தது. "பிரதீஸ்" என்றான். பிறகு முழுதாகச் சொன்னான். "பிரதீஸ் வரும்வரை, அவனுக்காக, உதயரூபன்."

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுக்கு அது கேட்டது. ஒரு வாலிபக் குரல் தன் வீட்டு முற்றத்தில் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம். இன்னொருமுறை சொல்ல மாட்டானா என்று இருந்தது. பிறகு அவளே போய்ப் தங்கராசாவின் கழுத்தில் நெகிழ்ந்து கிடந்த கழுத்துப்பட்டியை உருவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்கரிசி போட்டு, விலகி நின்றாள். பறைமேளம் எழும்பியது. வேலாப்போடியின் மச்சினனும் உசனாரின் மகன்மாரும் வாழைச்சேனையிலிருந்து வந்த ஐஸ் தொழிற்சாலைக்காரரும் தோள்கொடுக்க, தங்கராசா வீட்டைவிட்டுப் போனார். படலைவரை போய் நின்ற பெண்கள், தலைவிரி கோலமாக அழுதுவிட்டுத் திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவி முடிக்கப் பொழுது பட்டுவிட்டது. மயானத்திலிருந்து ஆண்கள் வாவியில் முழுகிவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கடல்தான் மயானத்துக்குக் கிட்ட. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்தப் பக்கத்தார் அதில் முழுகுவதில்லை. வந்தவர்கள் படலையில் கால் கழுவிக்கொண்டு பந்தலுக்குள் போய் இருந்தார்கள். மங்கையற்கரசி விறாந்தைப் படியில் இருந்தாள்.

கடைசியாக உதயரூபன் வந்தான். முற்றத்து விளக்கு வெளிச்சத்துக்குள் வந்தபோது அவன் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகித் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"எல்லாம் முடிஞ்சிது பெரியம்மா."

அவள் உள்ளே போய்த் துவாயோடு வந்தாள்.

"இரி மனே."

அவன் கீழ்ப்படியில் இருந்தான். அவள் மேல்படியில் இருந்து அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள். காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில். சோறு போட்டாயிற்று என்று தவமணி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். தூரத்தில், காத்தான்குடிப் பக்கமாக, சொல்லி முடிந்த செய்தியை ஆட்டோ இன்னும் சொல்லிக்கொண்டு போனது. உதயரூபன் குனிந்த தலையை நிமிர்த்தாமல் இருந்தான். அவனுடைய தலை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.